ஐந்து குதிரைகளும் ஒரு பிளக்கும்

டிரெட்மில் கடைக்குள் நுழைந்ததும் முதலில் காதில் விழுவது குதிரைகளின் எண்ணிக்கைதான். “இது ரெண்டு ஹெச்.பி. சார். இன்னும் கொஞ்சம் போட்டீங்கன்னா நாலு ஹெச்.பி. பீக். இதோ இது அஞ்சு ஹெச்.பி. பீக், வீட்ல எல்லாருமே ஓடலாம்.” குதிரைகள் கூடக்கூட, விலையும் நியாயமானதாகத் தெரியத் தொடங்கும். அந்த நேரத்தில் இயந்திரத்துக்குப் பின்னால் சுருட்டி வைத்திருக்கும் வயரை இழுத்து, அதன் நுனியில் இருக்கும் பிளக்கை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஐந்து குதிரைக்கு 3,730 வாட். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். ஏ.சி.க்கும் கெய்சருக்கும் போடும் பெரிய மூன்று பின் சாக்கெட்டின் தாங்குதிறன் 16 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 3,680 வாட். அதாவது, வீட்டுச் சுவரில் இருக்கும் மிகப் பெரிய சாக்கெட்டை அதன் எல்லை வரை உறிஞ்சி, அதில் ஒரு வாட் கூட வீணாக்காமல் இயக்கமாக மாற்றினாலும் ஐந்து குதிரை வராது. கையில் இருப்பது மிக்சிக்குப் போடும் 6 ஆம்பியர் பிளக் என்றால் கணக்கு இன்னும் சுலபம்: 1,380 வாட், இரண்டு குதிரைக்கும் குறைவு. மோட்டாரிலும் மின்னணுப் பலகையிலும் சூடாக வீணாவது போக, பெல்ட்டுக்குப் போய்ச் சேர்வது ஒன்றரைக் குதிரைக்குப் பக்கம்.

விற்பனையாளர் பொய் சொல்கிறார் என்று சொல்ல முடியாது. ‘பீக்’ என்ற சொல்லுக்குள் அவருக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. எந்த மோட்டாரும் ஒரு கணம் தன் இயல்பான திறனைவிடப் பல மடங்கு இழுக்கும். சர்க்யூட் பிரேக்கரும் அந்த ஒரு கணத்தைப் பொறுத்துக்கொள்ளும். அந்தக் கணத்தின் எண்தான் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கிறது. அரை மணி நேரம் இடைவிடாமல் தரக்கூடிய திறனுக்குப் பெயர் ‘கன்டினியூஸ்’. அது சின்ன எழுத்தில், கையேட்டின் உள்ளே இருக்கும். சில மாடல்களில் எங்குமே இருக்காது. எங்குமே இல்லாத மாடலை அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

சரி, நடப்பவர் நாம்தானே, மோட்டாருக்கு இவ்வளவு திறன் எதற்கு?

இந்தக் கேள்விக்கான விடை கலீலியோவிடமிருந்து தொடங்குகிறது. 1632இல் வெளிவந்த தம் உரையாடல் நூலில் அவர் ஒரு கப்பலின் மூடிய அறையைக் கற்பனை செய்யச் சொன்னார். கப்பல் சீரான வேகத்தில் போனால், அறைக்குள் இருப்பவர் எந்தச் சோதனை செய்தாலும் அது நிற்கிறதா நகர்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. டிரெட்மில்லின் பெல்ட்டும் அப்படிப்பட்ட ஒரு கப்பல்தான். பெல்ட் சீராக ஓடும்வரை, அதன் மேல் நடப்பதும் தெருவில் நடப்பதும் இயற்பியலுக்கு ஒரே காரியம். “கீழே பெல்ட்டே காலை இழுத்துவிடுகிறது, நமக்கு வேலை பாதிதான்” என்று ஜிம்மில் அடிக்கடி கேட்கும் வாதம் இங்கே அடிபட்டுப்போகிறது. உண்மையான வித்தியாசம் ஒன்றுதான்: தெருவில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறோம், வீட்டில் அது இல்லை. 1996இல் ஜோன்ஸ், டவுஸ்ட் என்ற இருவர் இதை ஓட்டப்பந்தய வீரர்களை வைத்து அளந்தார்கள். டிரெட்மில்லை ஒரு சதவீதம் ஏற்றி வைத்தால் வெளியில் ஓடும் செலவுக்குச் சமமாகிவிடுகிறது என்றது முடிவு. அதுவும் மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடுபவர்களுக்கு. நடப்பவருக்குக் காற்றின் தடை ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் கலீலியோ ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: வேகம் சீராக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை குதிகால் பதியும்போதும் உடல் எடை முழுவதும் பெல்ட்டை அதன் அடியிலிருக்கும் பலகையோடு அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் உராய்வு கூடும், பெல்ட் தயங்கும். பலவீனமான மோட்டார் என்றால் காலடிக்குக் காலடி பெல்ட் ஒரு நொடிப்பொழுது மந்தமாகி மறுபடி பாயும். கால் இதை உடனே உணர்ந்துகொள்ளும். நடை குட்டையாகும், கை தானாகக் கைப்பிடியைத் தேடும். ஆகவே மோட்டாரை வாங்குவது அந்த வேகம் குலையாமல் இருப்பதற்காக. உச்ச வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர்கள் மிகச் சிலர்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். நன்றாக எண்ணெய் விட்ட பெல்ட்டுக்கும் பலகைக்கும் இடையிலான உராய்வுக் கெழு 0.2 என்று வைத்துக்கொள்வோம். எண்பது கிலோ மனிதர் மேலே நின்றால் பெல்ட்டை இழுக்கத் தேவையான விசை சுமார் 157 நியூட்டன். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடைக்கு, அதாவது விநாடிக்கு 1.39 மீட்டருக்கு, இது ஏறக்குறைய 218 வாட். கால் குதிரையைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். அவரே பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் சராசரி இரண்டு மடங்காகும். ஓடும்போது ஒவ்வொரு காலடியும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசையோடு விழுவதால், அந்தக் கணங்களில் தேவை ஆயிரம் வாட்டைத் தாண்டும். வீட்டில் நடக்கவும் எப்போதாவது மெல்ல ஓடவும் ஒன்றரை முதல் இரண்டு குதிரை வரையிலான நேர்மையான ‘கன்டினியூஸ்’ மோட்டார் ஏன் போதும் என்பது இதிலிருந்து தெரியும்.

இங்கே பலர் ஒரு தப்புக் கணக்குப் போடுவார்கள். “எனக்கு நூறு கிலோ எடை, ஆனால் மெதுவாகத்தான் நடப்பேன், சின்ன மோட்டார் போதும்.” நேர்மாறு. உராய்வு விசை வேகத்தைப் பொறுத்ததில்லை, எடையைப் பொறுத்தது. வீட்டு டிரெட்மில்களில் பெரும்பாலும் இருப்பது டி.சி. மோட்டார், அதற்குப் போகும் கரண்ட், இழுவிசைக்கு ஏற்ப அமைகிறது. ஆகவே மணிக்கு இரண்டு கிலோமீட்டரிலும் ஆறு கிலோமீட்டரிலும் சுருளில் பாயும் கரண்ட் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் மோட்டாரைக் குளிர்விக்கும் சின்ன விசிறி அதே அச்சில் பொருத்தப்பட்டிருக்கிறது. மெதுவான நடையில் அதுவும் மெதுவாகத்தான் சுற்றும். தி.நகர் நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்தே சூடாகிற ஸ்கூட்டரின் நிலைமைதான். எடை அதிகமுள்ளவர், மூட்டு வலிக்காக மெல்ல நடப்பவர் இவர்களுக்குத்தான் நல்ல மோட்டார் அவசியம். இயந்திரம் தாங்கும் என்று எழுதியிருக்கும் எடைக்கும் வீட்டில் மிக அதிக எடை உள்ளவருக்கும் இடையில் குறைந்தது இருபது கிலோவாவது இடைவெளி இருக்கட்டும்.

எண்ணெய் விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவில் சிலிகோன் ஆயில் காய்ந்து, தூசி ஏறி, உராய்வு இரட்டித்தது என்று வையுங்கள். விசை இரண்டு மடங்கு, கரண்ட் இரண்டு மடங்கு, ஆனால் சுருளில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் நான்கு மடங்கு. கன்ட்ரோல் போர்டு எரிந்துபோவதற்கு இது போதும். கையேட்டில் சொன்ன இடைவெளியில் சில சொட்டு விட்டுவந்தால் மிச்சமாவது சில ஆயிரம் ரூபாய். தேங்காயெண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ வேண்டாம். பெல்ட்டின் அடிப்பரப்பை அவை கெடுத்துவிடும்.

இதுவரை மோட்டாரின் வேலை பெல்ட்டை இழுப்பது என்றே பேசினோம். பலகையைச் சாய்த்தால் கதை மாறுகிறது. ஏற்றத்தில் நடப்பவரின் எடையில் ஒரு பகுதி பெல்ட்டைப் பின்னோக்கித் தள்ளுகிறது. நம் எண்பது கிலோ மனிதர் பத்து சதவீத ஏற்றத்தில் அதே ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் அவர் பெல்ட்டுக்குத் தரும் திறன் ஏறக்குறைய 108 வாட். மோட்டாரின் பாரத்தில் பாதியை அவரே ஏற்றுக்கொண்டுவிட்டார். அதே உராய்வுக் கெழுவில், ஏற்றம் இருபது சதவீதத்தைத் தொட்டால் மோட்டாரே தேவையில்லை, எடையே பெல்ட்டை ஓட்டிவிடும். கரண்ட் இல்லாமல் ஓடும் ‘மேனுவல்’ டிரெட்மில்கள் எப்போதும் சாய்ந்தே இருப்பது இதனால்தான். மலிவு என்று அதை வாங்கியவர்கள் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு பெல்ட்டை உதைத்துத் தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். வேகம் சீராக இருக்காது, முட்டிக்கு நல்லதும் இல்லை. இடமும் கரண்டும் இல்லாத கட்டாயம் இருந்தாலொழிய அந்த வகையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மனிதனின் எடையைக் கொண்டு சக்கரம் சுற்றுவது ஒன்றும் புதிதில்லை. இன்றைய டிரெட்மில்லின் முன்னோர் இங்கிலாந்துச் சிறைகளில் பிறந்தவர். 1818இல் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர், கைதிகள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, படிகள் பதித்த ஒரு பெரிய உருளையை வடிவமைத்தார். கைதிகள் வரிசையாக நின்று படியேறுவார்கள். படி கீழே போகும். அடுத்த படியில் ஏற வேண்டும். சில சிறைகளில் அது மாவரைத்தது, தண்ணீர் இறைத்தது. பல இடங்களில் எதையும் செய்யாமல் வெறும் காற்றையே அரைத்தது. கடுங்காவல் தண்டனை பெற்ற எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டும் 1895இல் பென்டன்வில் சிறையில் அதில் ஏறியவர். 1898ஆம் ஆண்டின் சிறைச் சட்டம் அதை முடிவுக்குக் கொண்டுவந்தது. தண்டனையாக இருந்த காலத்தில் மனிதன் சக்கரத்தை ஓட்டினான். காசு கொடுத்து வாங்கும் காலத்தில் சக்கரம் மனிதனை ஓட்டுகிறது.

சிறைக்கும் வரவேற்பறைக்கும் நடுவில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இதய மருத்துவராக இருந்த ராபர்ட் புரூஸ், நோயாளி படுத்திருக்கும்போது எடுக்கும் ஈ.சி.ஜி.யில் இதயத்தின் பல குறைகள் தெரிவதில்லை என்பதைக் கவனித்தார். உடலுக்கு வேலை கொடுத்துக்கொண்டே பார்க்க வேண்டும். வெய்ன் குவின்டன் என்ற பொறியாளர் 1952இல் அவருக்காக ஒரு மோட்டார் டிரெட்மில்லைச் செய்து தந்தார். இன்று சென்னையிலும் மதுரையிலும் டாக்டர் “ஒரு டி.எம்.டி. எடுத்துட்டு வாங்க” என்கிறாரே, அந்த டிரெட்மில் சோதனையின் மூலம் இதுதான். 1963இல் புரூஸ் வெளியிட்ட நெறிமுறையை இன்றும் உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். அதன் முதல் கட்டத்தைக் கவனியுங்கள்: வேகம் மணிக்கு வெறும் 2.7 கிலோமீட்டர், ஆனால் ஏற்றம் பத்து சதவீதம். மூன்று நிமிடம் கழித்து நான்கு கிலோமீட்டர், பன்னிரண்டு சதவீதம். அடுத்து 5.5 கிலோமீட்டர், பதினான்கு சதவீதம். ஆரோக்கியமானவருக்கே இந்த மூன்றாவது கட்டத்தில் மூச்சு வாங்கும். இன்னும் யாரும் ஓடவே ஆரம்பிக்கவில்லை.

புரூஸ் ஏற்றத்தின் மேல் இவ்வளவு பாரத்தைப் போட்டதன் நியாயத்தை அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் சூத்திரத்தில் பார்க்கலாம். உடல் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவிடுகிறது என்பதை வேகமும் ஏற்றமும் கொண்டு மதிப்பிடும் சூத்திரம் அது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆகும் செலவை ஒன்று என்று வைத்துக்கொண்டால், சமதளத்தில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடப்பது 3.4 மடங்கு. அதே வேகத்தில் ஐந்து சதவீதம் ஏற்றினால் 5.5 மடங்கு. பத்து சதவீதத்தில் 7.7. பன்னிரண்டில் 8.5. இப்போது ஓட்டத்தின் பக்கம் வாருங்கள்: சமதளத்தில் எட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதற்கு ஆகும் செலவு 8.6 மடங்கு. அதாவது, பன்னிரண்டு சதவீத ஏற்றத்தில் நடப்பவரும் சமதளத்தில் ஓடுபவரும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் தருவது ஏறக்குறைய ஒரே வேலை. ஆனால் நடப்பவரின் காலடி உடல் எடையைப் போல 1.2 மடங்குக்கு மேல் போவதில்லை. ஓடுபவரின் முட்டி ஒவ்வொரு அடியிலும் இரண்டு மடங்குக்கும் மேல் வாங்கிக்கொள்கிறது. மாடியில் ஒருவர் ஓடுவதைக் கீழ் வீட்டுக்காரர் கேட்கிற சத்தத்தின் அளவும் அதற்கேற்பத்தான்.

இந்த ஒரு காரணத்துக்காகவே, ஒரே விலையில் ‘மணிக்கு 16 கிலோமீட்டர் வேகம்’ என்று ஒன்றும், ‘12 கிலோமீட்டர்தான், ஆனால் ஆட்டோ இன்க்ளைன் உண்டு’ என்று ஒன்றும் இருந்தால், நாற்பதைத் தாண்டியவர் யோசிக்காமல் இரண்டாவதை எடுக்கலாம். பதினாறு கிலோமீட்டர் என்பது ஒரு கிலோமீட்டரை நான்கு நிமிடத்துக்குள் முடிக்கும் வேகம். பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள் செய்வது. வீட்டில் யாரும் அதைத் தொடப்போவதில்லை.

ஏற்றத்திலும் ஏமாற்று உண்டு. ‘மேனுவல் இன்க்ளைன்’ என்றால் நீங்களே இறங்கி, இயந்திரத்தைத் தூக்கி, பின் காலை வேறு துளைக்கு மாற்ற வேண்டும். முதல் வாரத்துக்குப் பிறகு யாரும் அதைச் செய்வதில்லை. ‘15 லெவல் ஆட்டோ இன்க்ளைன்’ என்றால் பதினைந்து சதவீதம் என்று பொருளில்லை. பதினைந்து படிகள், அவ்வளவே. செல்போனில் இருக்கும் மட்டக் கருவியைத் திறந்து பலகையின் மேல் வைத்துப் பாருங்கள். பன்னிரண்டு சதவீதம் என்றால் ஏறக்குறைய ஏழு டிகிரி காட்ட வேண்டும், ஐந்து சதவீதம் என்றால் மூன்று டிகிரி. உயர்ந்த லெவலில் மூன்று டிகிரியோடு நின்றால், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அது ஐந்து சதவீத இயந்திரம்தான். குதிகால் நரம்பிலும் கெண்டைக்காலிலும் வலி உள்ளவர்கள் ஏற்றத்தை ஒரேயடியாகக் கூட்ட வேண்டாம். இரண்டு சதவீதத்தில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றலாம்.

ஏற்றத்தில் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நடப்பவர் மேலே சொன்ன கணக்கு எதற்கும் உரியவரில்லை. உடல் பின்னால் சாய்ந்ததும் ஏற்றம் அவரைப் பொறுத்தவரை மறைந்துவிடுகிறது. திரை மட்டும் முழுக் கலோரியையும் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

திரை காட்டும் கலோரியைப் பற்றி இரண்டு வார்த்தை. எழுபது கிலோ எடையுள்ளவர் சமதளத்தில் ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் ஏறக்குறைய 124 கலோரி ஆகும். அதில் 37 கலோரி அவர் சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். நடையால் கூடுதலாகப் போனது 87தான். உங்கள் எடையையே கேட்காத இயந்திரம் யாரோ ஒருவருடைய எடையை வைத்துக்கொண்டு எண்ணைக் காட்டுகிறது. அதை நம்பி இரவு இன்னொரு பரோட்டா சாப்பிடுவது அவரவர் விருப்பம்.

வேகம் காட்டும் எண்ணை மட்டும் வீட்டிலேயே சரிபார்க்கலாம். பெல்ட்டின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, முழுச் சுற்றளவையும் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். 2.8 மீட்டர் இருக்கிறது என்று வைப்போம். ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் கோடு இருபது முறை சுற்றி வர நாற்பது விநாடி ஆக வேண்டும். முதலில் ஆள் இல்லாமல் ஓடவிட்டு அளந்து பாருங்கள். பிறகு வீட்டில் அதிக எடையுள்ளவரை நடக்கவிட்டு, இன்னொருவர் எண்ணட்டும். இரண்டு நேரத்துக்கும் வித்தியாசம் ஒரு விநாடிக்குள் இருந்தால் நல்ல மோட்டார். நான்கைந்து விநாடி என்றால் கலீலியோவின் நிபந்தனையை அது காப்பாற்றவில்லை. கடையிலேயே செய்து பார்க்க அனுமதித்தால் இதைவிட நல்ல சோதனை கிடையாது.

பெல்ட்டின் அளவில் நடப்பவருக்குப் பெரிய சிக்கல் இல்லை. நீளம் 120 சென்டிமீட்டர், அகலம் 42-45 என்றால் சராசரி உயரமுள்ளவர் நிம்மதியாக நடக்கலாம். ஓடுபவர் களைத்தால் உடல் முன்னும் பின்னும் அலையும், ஆகையால் 140க்கு மேல் வேண்டும், அகலமும் ஐம்பது இருந்தால் நல்லது. மேசைக்கு அடியில் தள்ளி வைக்கும் ‘வாக்கிங் பேட்’ இப்போது நிறைய விற்கிறது. மெல்லிய மோட்டார், பெரும்பாலும் கைப்பிடி கிடையாது, ஏற்றமும் கிடையாது. வேலை பார்த்துக்கொண்டே நடக்கிற முப்பது வயதுக்காரருக்குச் சரி, எழுபது வயது அம்மாவுக்கு வாங்கித் தரும் பொருளில்லை.

இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்த அளவு அறையைத் தேர்ந்தெடுக்க யாரும் மெனக்கெடுவதில்லை. நம் வீடுகளில் டிரெட்மில் போய் நிற்கும் இடம் இரண்டு: பால்கனி, அல்லது ஹாலில் ஃபேனுக்கு நேர் கீழே. பால்கனியில் மழைச்சாரலும் கடற்காற்றும் மின்னணுப் பலகையை அரித்துவிடும். ஃபேனுக்குக் கீழே இன்னொரு ஆபத்து. 175 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் மேலே ஏறினால் பலகையின் உயரம் பதினெட்டு, ஏற்றத்தால் பன்னிரண்டு, நடையின் துள்ளல் சில சென்டிமீட்டர் எல்லாம் சேர்ந்து தலை 210ஐ நெருங்கிவிடும். ஃபேன் இறக்கை தரையிலிருந்து 240இல் சுற்றுகிறது. வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினால் போதும். சுவர் ஃபேனோ ஸ்டாண்டு ஃபேனோ முன்னால் இருக்கட்டும்.

ஆனால் காற்று கட்டாயம் வேண்டும். ஐந்து சதவீத ஏற்றத்தில் நடக்கும் எழுபது கிலோ உடல் ஏறக்குறைய 420 வாட் சூட்டை வெளியே தள்ளுகிறது. மோட்டாரின் சூடும் சேர்ந்தால் அறைக்குள் ஒரு சின்ன ஹீட்டர் எரிகிற மாதிரி. கடற்கரையில் நடப்பவருக்கு அவர் நடையே மணிக்கு ஐந்து கிலோமீட்டர் காற்றைத் தருகிறது. டிரெட்மில்லில் அதுவும் இல்லை. வியர்வை உடலைக் குளிர்விப்பது ஆவியாகும்போதுதான், ஒரு லிட்டருக்கு 580 கலோரியைத் தூக்கிக்கொண்டு போகும். மே மாதத்துச் சென்னைப் புழுக்கத்தில், மூடிய அறையில், அது ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும்; இதயத்துடிப்பு வீணாக ஏறும். இதே நடைக்கு வெளியில் ஆகாத களைப்பு வீட்டில் ஆவதற்குக் காரணம் இதுவே.

கரண்ட் விஷயத்தில் மூன்று எச்சரிக்கை. எர்த் சரியாக உள்ள 16 ஆம்பியர் பாயிண்டில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாமல் நேரடியாகப் போடுங்கள். இன்வெர்ட்டர் லைனில் போடாதீர்கள். வீட்டு இன்வெர்ட்டர் இந்தப் பாரத்துக்குச் செய்யப்பட்டதில்லை. மின்தடை அடிக்கடி வரும் ஊரில், கரண்ட் போனால் பெல்ட் நிற்கும், நடப்பவர் நிற்க மாட்டார். அப்போது கைக்கெட்டும் தூரத்தில் பக்கவாட்டுக் கைப்பிடி இருக்க வேண்டும். மின்கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம், தினம் அரை மணி நேரம் நடந்தால் மாதம் ஆறேழு யூனிட்தான் ஆகும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் மின்சாரத்தைவிடப் பெரிய அபாயம் பெல்ட்டின் பின்முனை. 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் தன் ‘டிரெட் பிளஸ்’ மாடலில் சுமார் ஒன்றேகால் லட்சம் இயந்திரங்களைத் திரும்பப் பெற்றது. உயரமான பலகை, அதற்குக் கீழே திறந்த இடைவெளி, பின்னால் சுழன்று உள்ளே இழுக்கும் பெல்ட். பெரியவர்களும் குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் பொருள்களும் பின்பக்கம் இழுக்கப்பட்ட சம்பவங்கள் எழுபதுக்கும் மேல் பதிவாகியிருந்தன. ஒரு குழந்தை இறந்தது. முதலில் மறுத்த நிறுவனம், அரசின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் வெளிப்படையாக எச்சரித்த பிறகே இறங்கிவந்தது. எந்த நிறுவனத்து இயந்திரமாக இருந்தாலும் பின்முனை சுவரை ஒட்டி இருக்கக்கூடாது. ஓர் ஆள் விழுந்தால் பெல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவே சிக்காத அளவு, குறைந்தது ஐந்தாறு அடி திறந்த இடம் விடுங்கள். சட்டையில் மாட்டிக்கொள்ளும் சிவப்பு நிற சேஃப்டி கீயைப் பலர் பொம்மை என்றே நினைத்துக் கொக்கியில் தொங்கவிடுகிறார்கள். நடக்கும்போது அது உங்கள் சட்டையில் இருக்கட்டும். நடந்து முடித்ததும் கழற்றிக் குழந்தைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள். கீ இல்லாமல் இயந்திரம் கிளம்பாது.

இறங்கும்போதும் ஒரு நிமிடம் நில்லுங்கள். அரை மணி நேரம் கால் நடந்தும் கண் முன்னால் சுவர் அசையாமல் நின்றதால், மூளை தன் கணக்கை மாற்றி வைத்திருக்கும். தரையில் காலை வைத்ததும் நிஜத்தைவிட வேகமாகப் போவது போலிருக்கும். 1996இல் ‘நேச்சர்’ இதழில் பெலா, பார்லோ இருவரும் இந்தக் கண்மயக்கத்தைப் பற்றி எழுதினார்கள். இளைஞருக்கு இது வேடிக்கை, வயதானவருக்கு இடுப்பெலும்பு.

வீட்டுக்குள் டிரெட்மில் வந்ததற்கு வில்லியம் ஸ்டாப் என்ற நியூஜெர்சிப் பொறியாளர் முக்கியக் காரணம். மருத்துவர் கென்னத் கூப்பரின் 1968ஆம் ஆண்டு நூலைப் படித்தார். வாரம் நான்கைந்து நாள் ஒரு மைலை எட்டு நிமிடத்தில் ஓடினால் உடல் நன்றாக இருக்கும் என்றது அது. பனியிலும் மழையிலும் எப்படி ஓடுவது என்று யோசித்து, ஓர் இயந்திரத்தைத் தாமே செய்தார். ‘பேஸ்மாஸ்டர் 600’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. தம் 96ஆம் வயதில், 2012இல் அவர் காலமானார். எட்டு நிமிட மைல் என்பது மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். இன்று உலக சுகாதார நிறுவனம் கேட்பது அதைவிட எளிது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் சாதாரண நடையே அந்த மிதமான எல்லைக்குள் வந்துவிடுகிறது.

ஆகவே வீட்டுக்குப் பக்கத்தில் பூங்காவோ நடைபாதையோ இருந்து, அங்கே போக உங்களுக்கு நேரமும் தைரியமும் இருந்தால், டிரெட்மில் வாங்க வேண்டாம். நடைபாதையே இல்லாத தெரு, நாய்த் தொல்லை, இரவு எட்டு மணிக்குப் பிறகே கிடைக்கும் ஓய்வு, தனியாக வெளியே போக முடியாத சூழல், மழைக்காலம் என்று காரணங்கள் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். மார்பு வலி, மூச்சுத்திணறல், சர்க்கரை நோய் இருப்பவர்கள் முதலில் டாக்டரைப் பார்த்து, அவர் சொன்னால் ஆஸ்பத்திரி டிரெட்மில்லில் ஏறிவிட்டு, பிறகு வீட்டு டிரெட்மில்லில் ஏறட்டும்.

கடைக்கு உங்கள் நடைக் காலணியோடு போங்கள். ஒரு கால் மணி நேரம் ஏறி நடக்காமல் பணம் கொடுக்காதீர்கள்; அதில் ஐந்து நிமிடம் மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில், வீட்டில் அதிக எடையுள்ளவர் நடக்கட்டும். அந்த வேகத்தில் பெல்ட் தயங்கினால் எத்தனை குதிரை பூட்டியிருந்தாலும் அதை வாங்க வேண்டாம். பிடித்துப்போனால், பில் போடுவதற்கு முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கன்ட்ரோல் போர்டு போனால் உங்கள் ஊருக்கே வந்து மாற்றித் தர ஆள் இருக்கிறாரா? இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.